நீளம் தாண்டும் பிள்ளைகளுக்கு போனை வைத்துப் பயிற்சி கொடுப்பது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஒரு பொட்டல், காலை ஆறரை மணி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடி வந்து தாண்டினான். டேப் போட்டு அளந்தால் 4.52 மீட்டர். "எங்கேடா மிதிச்ச?" என்று கேட்டேன். "போர்டுலதான் சார், சரியா நடுவுல" என்றான், சத்தியம் பண்ணாத குறைதான். ஸ்டூல் மேல் நிறுத்தி வைத்திருந்த போனை எடுத்து ஓட்டிப் பார்த்தால், அவன் கட்டைவிரல் நுனிக்கும் போர்டின், அதாவது மிதித்து எழும்பும் பலகையின், முன் விளிம்புக்கும் (குழிப் பக்கத்து விளிம்பு, டேப் அளவு தொடங்குவது அங்கிருந்துதான்) நடுவே 34 செ.மீ. இருக்கிறது. போர்டின் அகலமே 20 செ.மீ.தான், எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்றின் அளவு. அப்படியானால் அவன் போர்டைத் தொடவே இல்லை. உண்மையில் அவன் தாண்டிய தூரம் 4.86. அன்றைக்கு இன்னும் நான்கு முறை தாண்டவிட்டேன், மூன்றில் அதே கதை. அதுவரை நானும் "வேகமா வா, உயரமா எழும்பு" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தேவைப்பட்டதோ, ஓட்டம் தொடங்கும் இடத்தை ஒரு சாண் முன்னால் நகர்த்துவதும், கால் எங்கே விழுகிறது என்று அவனுக்கே தெரியவைப்பதும்.

செட்டிநாட்டு ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பி.டி. ஆசிரியர்கள், பழைய வீரர்கள், அக்கறையுள்ள அப்பா அம்மாக்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். லேசர் கருவி, ஓடுபாதை ஓரத்தில் வைத்து பாதம் தரையில் படும் நேரத்தை அளக்கும் ஆப்டோஜம்ப் பட்டைகள் எல்லாம் பெரிய பயிற்சி மையங்களில் இருக்கும். நம்மிடம் இருப்பது ஒரு போன், ஒரு டேப், ஒரு நோட்டு. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது போதும், நிச்சயமாகப் போதும். கருவியை விட அதை எப்போது காட்டுகிறோம், எப்போது காட்டாமல் இருக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியைத்தான் நீட்டி எழுதியிருக்கிறேன்.

முதலில்: கண்ணுக்குத் தெரியாதது எது

டேக்-ஆஃப் கால், அதாவது மிதித்து எழும்பும் கால், தரையில் இருக்கும் நேரம் சுமார் 0.12 நொடி. சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம், அப்படியானால் அந்தக் கால் நாலே படத்தில் வந்து போய்விடும். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படம் எடுத்தால் அதே கால் 28, 29 படங்களில் பதிவாகும். குதிகால் முதலில் பட்டதா, முழங்கால் மடங்கியதா, தலை கீழே குனிந்ததா என்பதை இதில்தான் பார்க்க முடியும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வெறும் கண்ணால் இதைச் சொல்ல முடியாது. அனுபவசாலி சொல்வதும் பெரும்பாலும் ஊகம்தான், என்னுடையதும் சேர்த்து.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் தாண்டுதலில் தூரத்தின் பெரும்பங்கு ஓட்ட வேகத்திலிருந்து வருகிறது. உலகச் சாதனையான 8.95 மீட்டரை (1991, டோக்கியோ) மைக் பவல் தாண்டியபோதும் சரி, நம் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் 8.42 மீட்டர் தாண்டி தேசியச் சாதனை படைத்தபோதும் சரி, அடிப்படை அதுதான். 45 டிகிரியில் எழும்பினால்தான் அதிக தூரம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு "உயரமா, உயரமா" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் பிள்ளை 45 டிகிரியில் எழும்ப வேண்டுமென்றால் மேல்நோக்கியும் அதே 8 மீட்டர் வேகம் வேண்டும். ஒரு காலால் அதை யாராலும் உண்டாக்க முடியாது. நல்ல வீரர்களே 20 டிகிரியை ஒட்டித்தான் எழும்புகிறார்கள். ஆகவே போனில் கோணத்தை அளந்து "இன்னும் கூட்டு" என்று பிள்ளையை நிறுத்தி நிறுத்தி எழும்பவைப்பது, இருக்கிற வேகத்தையும் கொன்றுவிடும்.

போனை நிறுத்தும் விதம்

போர்டுக்கு நேர் எதிரே, ஓடுபாதைக்குச் செங்குத்தாக, 10 முதல் 12 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். நம் பொட்டல்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. உயரம் பிள்ளையின் இடுப்பளவு. ட்ரைபாட் இல்லாவிட்டால் ஸ்டூல் போட்டு அதன் மேல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே செருகி வைக்கலாம், ஆனால் கையில் பிடிக்கவே கூடாது, ஓடுகிறவன் பின்னாலேயே போனைத் திருப்பவும் கூடாது. நகர்ந்த வீடியோவில் எதையும் அளக்க முடியாது. 1x லென்ஸையே பயன்படுத்துங்கள், அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் நேர்கோட்டை வளைத்துக் காட்டும். ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள்.

வெயில் நம்மூரில் தனிப் பிரச்சினை. சித்திரை, வைகாசியில் எட்டரை மணிக்கு மேல் போன் சூடாகி கேமரா தானே அணைந்துவிடும். மேலே ஒரு குடை கட்டுங்கள், இரண்டு தாண்டலுக்கு நடுவே ஸ்கிரீனை அணைத்து வையுங்கள். சூரியன் போனுக்குப் பின்னால் இருக்கும் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள், எதிர்வெயிலில் எடுத்தால் பிள்ளை வெறும் கரிய நிழலாகத்தான் தெரிவான். மாலையில் வெளிச்சம் குறைந்த பிறகு எடுக்கும் ஸ்லோ மோஷன் கலங்கலாக இருக்கும், காலையே நல்லது. செம்மண் புழுதி லென்ஸில் படியும், பருத்தித் துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

அளக்கத் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு முறை இதைச் செய்துவிடுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை உங்கள் போனின் ஸ்லோ மோஷனில் 10 நொடி படம் பிடியுங்கள். பெரும்பாலான போன்கள் 240 படத்தை எட்டு மடங்கு மெதுவாக்கிச் சேமிக்கும், அதாவது திரையில் 8 நொடி என்றால் நிஜத்தில் 1 நொடி. உங்கள் போனின் கணக்கு என்ன என்று இந்தச் சோதனை காட்டிவிடும். விலை குறைந்த சில போன்கள் இடையிலுள்ள படங்களைத் தாமாகவே கற்பனை செய்து நிரப்பும், ஓடும் காலை நிறுத்திப் பார்த்தால் அது இரட்டையாக, ஆவி மாதிரித் தெரியும். அப்படித் தெரிந்தால் நொடிக்கு 120 அல்லது 60 படத்துக்கு இறங்கிவிடுங்கள். பொய்யான 240ஐ விட உண்மையான 60 மேல்.

மூன்றே மூன்று அளவு

கினோவியா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும். படம் படமாக நகர்த்தலாம், கோடு போடலாம், கோணம் அளக்கலாம், இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கம்ப்யூட்டர் இல்லையா, போன் கேலரியில் விரலால் மெதுவாக நகர்த்தியே பாதி வேலையை முடிக்கலாம். அளக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன, ஆனால் நான் பார்ப்பது மூன்றுதான்.

ஒன்று, கட்டைவிரல் நுனியிலிருந்து போர்டின் முன் விளிம்பு வரை உள்ள இடைவெளி. இதற்காக மட்டும் இரண்டாவது போன் ஒன்றை, யாரிடமாவது இரவல் வாங்கியாவது, போர்டின் முன் விளிம்புக்கு நேராகத் தரையோடு தரையாக வையுங்கள். 2021 நவம்பரிலிருந்து உலக தடகள விதி மாறிவிட்டது, ஷூ நுனி அந்த விளிம்புக்கு மேலே செங்குத்தாகக் கற்பனை செய்யும் தளத்தைத் தாண்டினாலே ஃபவுல், முன்போல போர்டை ஒட்டி வைக்கும் மெழுகில் தடம் விழ வேண்டும் என்பதில்லை. இந்தப் போன் அதையும் சேர்த்துக் காட்டிவிடும். டேப் அளவோடு இந்த இடைவெளியைக் கூட்டினால் பிள்ளையின் உண்மையான தாண்டல் கிடைக்கும். நோட்டில் இரண்டையும் எழுதுங்கள். "4.52, இழந்தது 34, மெய் 4.86" என்று எழுதிக் காட்டும்போது பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் தூரம் அது என்று அவனுக்கு அப்போதுதான் புரிகிறது.

இரண்டு, கடைசி 5 மீட்டர் வேகம். போர்டுக்கு 6 மீட்டர் முன்னும் 1 மீட்டர் முன்னும் இரண்டு இடம் குறியுங்கள். இங்கே ஒரு தவறு சுலபமாக நடக்கும்: ஓடுபாதையின் போன் பக்க ஓரத்தில் கூம்பை வைத்துவிட்டு, நடுவில் ஓடுகிறவன் அதைக் கடப்பதை எண்ணினால் தூரம் 5 மீட்டராக இருக்காது, கேமராவின் பார்வை சாய்ந்து போவதால் சற்றுக் கூடிவிடும். அதற்குப் பதில், தொடங்குவதற்கு முன் ஒரு பிள்ளையைக் கம்போடு ஓடுபாதையின் நடுவிலேயே அந்த இரண்டு இடத்திலும் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரையில் அந்தக் கம்பு நின்ற இடம்தான் உங்கள் கோடு. அப்புறம் போனை நகர்த்தாதீர்கள். பிள்ளையின் இடுப்பு முதல் கோட்டைக் கடக்கும் படத்திலிருந்து இரண்டாம் கோடு வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். 240 படத்தில் 168 வந்தால் 0.7 நொடி, நொடிக்கு 7.1 மீட்டர். 150 வந்தால் சரியாக 8 மீட்டர். ஒரு படம் முன்பின் ஆனாலும் வித்தியாசம் நொடிக்கு 0.05 மீட்டர்தான், எனவே பயப்படாமல் நம்பலாம். முடிந்தால் போனை இன்னும் தள்ளி வைத்து 11 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரைக்கும் இதே மாதிரி எண்ணுங்கள். முந்தின 5 மீட்டரை விடக் கடைசி 5 மீட்டரில் வேகம் நன்றாகக் குறைந்தால் அந்தப் பிள்ளை போர்டைத் தேடிக்கொண்டு வருகிறான் என்று அர்த்தம்.

மூன்று, கடைசி இரண்டு காலடி. கடைசிக்கு முந்தின அடி சற்று நீளமாகவும், இடுப்பு லேசாகத் தாழ்ந்தும், கடைசி அடி அதைவிடக் குட்டையாகவும் இருக்கவேண்டும். பிள்ளைகளிடம் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும்: போர்டு எட்டாதோ என்ற பயத்தில் கடைசி அடியை எட்டிப் போடுவார்கள், கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய்க் குதிகாலில் விழும், வண்டிக்கு பிரேக் போட்ட மாதிரி எல்லா வேகமும் அங்கேயே நின்றுவிடும். இதற்கு செ.மீ. கணக்கெல்லாம் வேண்டாம், இரண்டு அடியில் எது பெரியது என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

கேமராவைப் பார்த்து முழங்கால், இடுப்புக் கோணங்களைத் தானே சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஆப்கள் இப்போது வந்திருக்கின்றன. தொளதொள டிராயர், சற்றுச் சாய்ந்த கேமரா, இவை போதும் அந்த எண் தப்பாவதற்கு. பொதுவான வடிவத்தைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் "உன் முழங்கால் 3 டிகிரி குறைகிறது" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கையில் கட்டும் ஜிபிஎஸ் வாட்ச் 25 மீட்டர் ரன்-அப்புக்கு, அதாவது தாண்டுவதற்கு முன் ஓடிவரும் ஓட்டத்துக்கு, சுத்தமாக உதவாது.

காட்டுவதற்கு முன் கேளுங்கள்

இதுதான் முக்கியமான பகுதி. தாண்டி முடித்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வரும் பிள்ளையின் முகத்துக்கு நேரே உடனே போனை நீட்டாதீர்கள். தாண்டிய உணர்வு உடம்பில் இன்னும் சூடாக இருக்கும் நேரம் அது, அவன் தனக்குள்ளேயே ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும். நடந்து வரட்டும். அப்புறம் கேளுங்கள்: "எங்கே மிதிச்ச, போர்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எவ்வளவு?" அவன் ஒரு எண் சொல்லவேண்டும். "தெரியலை சார்" என்றால் "குத்துமதிப்பாச் சொல்லு" என்று விடாமல் கேளுங்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு அதற்குப் பிறகுதான் படத்தைக் காட்டவேண்டும்.

முதல் வாரம் பிள்ளைகள் 30, 40 செ.மீ. தப்பாகச் சொல்வார்கள். நாலைந்து வாரத்தில் பலர் ஒரு கையகலத்துக்குள் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணும் காலும் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம், இது போட்டியில் போன் இல்லாதபோதும் கூடவே வரும். டேவிட் லீ குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்றாக விளக்குகிறது: தேர்ந்த வீராங்கனைகளுக்குக்கூட ரன்-அப்பில் ஒவ்வொரு முறையும் கால் விழும் இடம் முன்பின்னாக மாறிக்கொண்டே வருகிறது, கடைசிச் சில அடிகளில்தான் போர்டைக் கண்ணால் பார்த்து அடியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறார்கள். அதனால் தொடக்கக் குறியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் போதாது, சரிசெய்யும் திறமையை வளர்க்க வேண்டும். புதுப் பிள்ளைகளுக்குப் போர்டையே மறந்துவிட்டு சுண்ணாம்புப் பொடியால் 1 மீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு அதற்குள் எங்கே மிதித்தாலும் சரி என்று விடுங்கள், கால் நுனியிலிருந்து அளங்கள்.

அடுத்தது, எல்லாத் தாண்டலையும் காட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் விடை கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிற்சியில் நன்றாகத் தெரியும், விடையை நிறுத்தியதும் சரிந்துவிடும். உடல் இயக்கம் கற்பது பற்றிய ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே சொல்லிவருவது இது. என் வழக்கம் இப்படி: முதல் இரண்டு வாரம் ஒன்று விட்டு ஒன்று, அதன் பிறகு மூன்றில் ஒன்று, ஒரு மாதம் கழித்துப் பிள்ளை கேட்டால் மட்டும். "சார், இதைக் காட்டுங்க" என்று பிள்ளையே கேட்கும்போது அவன் மனதில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது, அப்போது பார்க்கும் படம் நன்றாக உள்ளே போகிறது. பெரும்பாலும் நன்றாக வந்த தாண்டலைத்தான் காட்டச் சொல்வார்கள். காட்டுங்கள். தப்பை மட்டுமே பார்த்துப் பார்த்துத் துவண்டுபோகும் பிள்ளைகள் உண்டு, முக்கியமாக வளரும் வயதில் தன் உடம்பைத் திரையில் பார்க்கவே கூச்சப்படும் பெண்பிள்ளைகள்.

காட்டும்போது: முதலில் சாதாரண வேகத்தில், அப்புறம் ஒரு முறை மெதுவாக, மறுபடி சாதாரண வேகத்தில். ஒரே ஒரு விஷயம். ஐந்து தப்பு உங்கள் கண்ணில் பட்டிருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மற்ற நான்கை நோட்டில் எழுதிவையுங்கள். எதை முதலில் எடுப்பது? ஓட்டம், அப்புறம் கடைசி இரண்டு அடி, அப்புறம் டேக்-ஆஃப், கடைசியில்தான் காற்றிலும் மணலிலும் நடப்பது. முன்னால் நடந்த தப்புதான் பெரும்பாலும் பின்னால் வேறு உருவத்தில் தெரிகிறது. கால் சீக்கிரம் மணலில் விழுகிறது என்று இறங்குவதைத் திருத்தப் போனால், நிஜத்தில் அவன் போர்டில் குனிந்து பார்த்ததால் உடம்பு முன்பக்கம் சுழன்றிருக்கும்.

சொல்லும் வார்த்தையும் முக்கியம். "முழங்காலை மடக்காதே, இடுப்பைத் தூக்கு" என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னால் பிள்ளை தன் உடம்பையே கவனித்துக்கொண்டு விறைத்துவிடுகிறான். கவனம் வெளியே இருக்கும்படி சொல்லவேண்டும். நின்ற இடத்திலிருந்து தாண்டும் தாண்டலில் இதை 2010இல் சோதித்தார்கள்: முழங்காலை நீட்டுவதில் கவனம் வைத்தவர்களைவிடக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகிறோம் என்பதில் கவனம் வைத்தவர்கள் அதிக தூரம் தாண்டினார்கள். நான் சொல்வது இவை: "போர்டைப் பின்னால தள்ளிட்டுப் போ." "குழிக்கு அந்தப் பக்கம் நிக்கிற வேப்பமர உச்சியப் பாரு." கடைசி அடியை எட்டிப் போடுகிறவர்களுக்கு, "கடைசி ரெண்டும் தா... தக்." இந்தத் தாளம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

ஒரு காலைப் பொழுது எப்படிப் போகும்

வாரத்துக்கு இரண்டு நாள்தான் முழு ரன்-அப் தாண்டல், ஒரு நாளைக்கு 6 முதல் 8க்கு மேல் வேண்டாம். டேக்-ஆஃப் காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை இறங்குகிறது, வளரும் எலும்புக்கு அது விளையாட்டில்லை. வீடியோ நன்றாக வரவில்லை என்பதற்காக "இன்னொரு தடவை தாண்டுடா" என்று சொல்லவே கூடாது. எத்தனை காலடி ரன்-அப் என்று கேட்பவர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் தோராயமான கணக்கு வயது எவ்வளவோ அவ்வளவு காலடி, 12 வயதுப் பிள்ளைக்கு 12 காலடியை ஒட்டி. குழி மணலை முதலில் கொத்திக் கிளறிவிடுங்கள், மழை பெய்து காய்ந்த மணல் தரை மாதிரி இறுகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடுபாதை சொதசொதவென்று இருந்தால் தாண்டலை விட்டுவிட்டு, பழைய வீடியோவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், ஒரு வீட்டுத் திண்ணை போதும்.

மாதம் ஒரு முறை உயரத்தை அளந்து எழுதுங்கள். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், சுவரில் பென்சில் கோடு போதும். இரண்டு மாதத்தில் சட்டென்று வளர்ந்த பிள்ளைக்குக் காலடி நீளம் மாறும், பழைய தொடக்கக் குறி பொருந்தாது, ஃபவுலாகிக்கொண்டே இருக்கும். அதை "கவனமில்லை" என்று திட்டிவிடக் கூடாது. இந்தக் காலத்தில்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிலும் குதிகாலிலும் வலி என்பார்கள். வலி என்று சொன்னால் அன்றைக்குத் தாண்டல் கிடையாது, தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். வேக எண் திடீரென்று இரண்டு வாரமாகக் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் கேட்கவேண்டியது வலியைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும்தான்.

வீடியோ யாருடையது

பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் போய் அப்பத்தாவுக்கும் ஒரு தாண்டலைக் காட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது, பேத்தி என்ன செய்கிறாள் என்று பார்த்த பிறகு காலையில் அவளை எழுப்பி அனுப்புவதே அவர்கள்தான். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குழந்தைகள் என்றுதான் சொல்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பக்கவாட்டிலிருந்து மட்டும் எடுங்கள், பயிற்சிக்கு அந்தக் கோணமே போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், குரூப்பில் போடாதீர்கள். மாதக் கடைசியில் பிள்ளைக்கு இரண்டு வீடியோ வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். பிள்ளை "எடுக்க வேண்டாம்" என்று சொன்னால் அன்றைக்கு எடுக்க வேண்டாம், காரணம் கேட்டுக் குடைய வேண்டாம்.

போட்டிக்கு முந்தின வாரமும் போட்டி நாளும்

குறுவட்டப் போட்டியானாலும் வருவாய் மாவட்டப் போட்டியானாலும் முந்தின ஒரு வாரம் ஸ்லோ மோஷனை நிறுத்திவிடுகிறேன். புதிதாக எதையும் திருத்துவதில்லை. ரன்-அப் மட்டும் ஓடவிட்டு, பிள்ளையை ஊகிக்கச் சொல்லி, டேப்பால் சரிபார்த்து, அத்தோடு விட்டுவிடுவேன்.

போட்டி நாளில் கால் எங்கே விழுந்தது என்பது ஒன்றுதான் கணக்கு. முதல் தாண்டலில் 8 செ.மீ. ஃபவுல், பயிற்சியிலும் அதே அளவுக்குத்தான் கால் விழும் இடம் மாறும் என்றால் குறியை ஒரு சாண் பின்னால் தள்ளச் சொல்லலாம். முதுகுப் பக்கம் காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் கடைசி அடியை எட்டிப் போட்டதால் வந்த ஃபவுல் என்றால் குறியைத் தொடாதீர்கள், "தா... தக்" மட்டும் போதும். எது எது என்று தெரிந்துகொள்ள வேலிக்கு வெளியே நின்று போனில் எடுத்துக்கொள்ளலாம். போட்டி நடக்கும் இடத்துக்கு வெளியே நிற்பவர் எடுத்த வீடியோவைக் கள வீரர் பார்க்க உலக தடகள விதி அனுமதிக்கிறது, போனை மட்டும் களத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பள்ளிப் போட்டிகளில் நடுவர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், காலையிலேயே போய் "சார், வேலிப் பக்கம் நின்னு பிள்ளைக்குக் காட்டலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடாது என்று சொல்லிவிட்டால், பிள்ளை தாண்டிவிட்டு உங்கள் பக்கம் திரும்பும்போது விரலால் ஒரு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை விரல் அகலம் என்று.